உள்மடிப்பில் பத்து விரல்கள்

பிப்ரவரி 11

அக்கா,

உன் புருஷன் என் வெள்ளைச் சட்டையைத் தொட்டிருக்கிறார்.

சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. நெஞ்சில் இடப்பக்கம் நாலு விரல், காலருக்குக் கீழே ஒரு கட்டைவிரல், காப்பி நிறத்தில் பதிந்திருக்கிறது. நீ அனுப்பிய பார்சலைப் பிரித்த புதன்கிழமை சட்டை வெள்ளைவெளேரென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை உறையிலிருந்து எடுத்தால் கறை மேலே வந்து நிற்கிறது. லேட்டக்ஸ் ரப்பர் துணியில் செம்பு பட்டால் அப்படித்தான். பட்ட அன்று தெரியாது. சில நாள் கழித்துத் தெரியும். தெரிந்த பிறகு போகாது. உன் வீட்டில் செம்புக் கம்பியோடு நாள் முழுக்கக் குடித்தனம் நடத்துகிறவர் ஒருவர்தான். முன்னறைப் பட்டறையில் உட்கார்ந்து, எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவர்.

நலம் விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன். நான் நலம். உன் கழுத்துவலி எப்படி இருக்கிறது? தையல் கூடத்தில் உன் மிஷினை ஜன்னல் பக்கம் மாற்றித் தந்தார்களா?

கோபத்தில் நன்றியை விழுங்கிவிடவில்லை. எங்கள் தங்கும் அறைக்குக் கூரை போடுகிறேன் என்று எல்லோரையும் இரண்டு மாதம் வெளியே தள்ளினார்களே, அப்போது என் மூன்று உடுப்புகளையும் நம்பிக் கொடுக்க உன்னைத் தவிர எனக்கு ஒரு ஜீவன் இல்லை. கறுப்புக் கால்சட்டையும் சிவப்புக் கையில்லாச் சட்டையும் போன மாதிரியே திரும்பி வந்திருக்கின்றன. உள்ளே தூவிய பவுடர்கூட நான் சொன்ன அளவு. உன் கைக்குக் கோடி நன்றி.

ஆனால் அந்த வெள்ளைச் சட்டை நானே வெட்டி நானே ஒட்டிய முதல் உடுப்பு. அதை எடுத்து யார் யாருக்குக் காட்டிச் சிரித்தார் என்று கேட்டு எழுது.

வழக்கம்போல தையல் கூடத்து முகவரிக்குத்தான் போடுகிறேன். வீட்டுக்குப் போட்டால் பட்டறையைத் தாண்டியல்லவா உன்னிடம் வர வேண்டும்.

உன் தம்பி


மார்ச் 2

டேய் தம்பி,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? உன் எழுத்து ஒல்லியாகத் தெரிகிறது. கழுத்து பரவாயில்லை. மிஷினை மாற்றித் தரவில்லை. மேற்பார்வை அம்மாள், "ஜன்னல் பக்கம் உக்காந்தா வேடிக்கைதான் பாப்பே" என்று சொல்லிவிட்டார்.

கறை பற்றி எழுதியிருந்தாய். ஈரம் பட்டிருக்கும். அல்லது நானே தொட்டிருப்பேன். கட்டிலுக்கு அடியில், கறுப்புப் பைக்குள், வெயில் படாமல்தான் வைத்திருந்தேன். மாமா பட்டறையை விட்டு எழுந்திருப்பதே சாப்பிடத்தான். யாருக்கும் காட்டிச் சிரிக்கவில்லை. அது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும்.

நீ பார்சலோடு அனுப்பிய தாள் எங்கோ போய்விட்டது. எப்படித் துவைப்பது, எப்படிக் காயப்போடுவது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாயே, அதுதான். வீடு முழுக்கத் தேடிவிட்டேன். முடிந்தால் இன்னொன்று எழுதி அனுப்பு. சும்மா இருக்கட்டும்.

உன் அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ தொட்டிருக்க மாட்டாய். உன் கை ஊசியைத் தொடும் கை. ஊசி இப்படிக் கறை வைக்காது. எனக்காகப் பொய் சொல், பரவாயில்லை. அவருக்காக என்னிடம் பொய் சொல்லாதே.

நாலு வருடம் ஆகிறது. உன் வீட்டில் என் பெட்டியைக் குடைந்து, அப்போது நான் வைத்திருந்த ஒரே ரப்பர் கால்சட்டையை எடுத்து நடுத்தெருவில் வீசினாரே, அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு எழுத்து பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "ஆம்பளை போடுற துணியாடா இது? டியூப்பை வெட்டிக் காலை நுழைச்சிருக்கான், தூ!" எதிர்ச் சலூனில் முடிவெட்டப் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தவன்கூட எழுந்து வந்து பார்த்தான். "தம்பி, பஞ்சர் ஆனா எங்கே ஒட்டுவே?" என்று ஒருத்தன். "காத்து அடிச்சா பறப்பானோ?" என்று இன்னொருத்தன். அவர்கள் சிரித்ததுகூடப் போகட்டும். மாமாவும் சேர்ந்து சிரித்தார். நீ கதவுக்குப் பின்னால் நின்றாய். கால்சட்டை ரோட்டிலேயே கிடந்தது. நான் பஸ் ஏறினேன்.

இன்றைக்கு அதே துணியை வெட்டிச் சம்பாதிக்கிறேன். கண்ணாடி ஷோகேஸில் பொம்மைக்குப் போட்டால் இது நாகரிகம். விற்கிறவனுக்குக் கை குலுக்கல். மேடையில் பாடுகிறவன் போட்டால் கைதட்டல். சம்பளக்காரன் ஒருத்தன் தன் ஆசைக்குப் போட்டால் மட்டும் தெரு கூடி நிற்கும். உடம்பு என்னுடையது, துணி என்னுடையது, தெருவுக்கு என்ன வந்தது?

தாள் இன்னொன்று எழுத மனசு வரவில்லை. உடுப்புகள்தான் என்னிடம் வந்துவிட்டனவே, உனக்கு எதற்கு?

கோபமாக எழுதினாலும் உன் பாசத்தில் எனக்குக் குறை இல்லை.

உன் தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். நாங்கள் நலம். பதில் போட நாளாகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

நீ கேட்டதற்குப் பிறகு வருகிறேன். இப்போது ஒரு விஷயம். தையல் கூடத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர், நடுவயது, உன் உடுப்பைப் பற்றி விசாரித்தார். விளையாட்டாக இல்லை. அவருக்கு வியர்வை அதிகம், அரிப்பு வருமா என்கிறார். தொப்பை உண்டு. போடும்போது கிழியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? எவ்வளவு நேரம் போட்டிருக்கலாம்? எண்ணெய் தடவி வைத்தால் உடுப்பு பிசுபிசுத்துப் போகிறதாமே, அது ஏன்?

எனக்கு என்ன தெரியும், தம்பியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேலி பண்ணாமல், கோபப்படாமல் பதில் எழுது. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

உன் அக்கா


ஏப்ரல் 26

என் அருமை அக்கா,

நீ நல்லா இரு. உன் கூடத்து மனிதரும் நல்லா இருக்கட்டும். நாலு வருடத்தில் ஒருவர்கூட இதை என்னிடம் ஒழுங்காகக் கேட்டதில்லை. அவரிடம் என் நன்றியைச் சொல்.

முதலில் ஒரு சின்னத் துண்டை மணிக்கட்டில் ஒரு மணி நேரம் கட்டிப் பார்க்கட்டும். சிவந்தால், தடித்தால், ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். ரப்பர் ஒத்துக்கொள்ளாத உடம்பு உண்டு. ஒத்துக்கொண்டால் வியர்வை ஒரு பொருட்டே இல்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் கழற்றிக் குளித்துவிட்டால் போதும்.

போடுவதற்கு முன் நகம் வெட்ட வேண்டும். மோதிரம், வாட்ச் கழற்ற வேண்டும். உடுப்பின் உள்பக்கம் முழுக்கப் பவுடர். விரல் நுனியால் கிள்ளி இழுக்கக் கூடாது, உள்ளங்கையால் நீவி நீவி ஏற்ற வேண்டும். கிழிவது எல்லாமே அவசரத்தால்தான். தொப்பைக்குப் பயப்பட வேண்டாம். இது தொப்பையைத் திட்டாது, அணைத்துக்கொள்ளும்.

எண்ணெய் ரப்பரைத் தின்றுவிடும். தேங்காய் எண்ணெய், கிரீஸ், தலைக்குத் தடவும் கிரீம் எதுவும் ஆகாது. கழற்றியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு மென்மையான சோப்பு விட்டு அலச வேண்டும். முறுக்கக் கூடாது. வாஷிங் மெஷின், இஸ்திரி, வெயில் மூன்றும் எதிரி. அகலமான பிளாஸ்டிக் ஹேங்கரில், நிழலில், ஒரு பக்கம் காய்ந்ததும் புரட்டி மறுபக்கம். பிறகு பவுடர் போட்டு இருட்டுப் பையில். வெள்ளையைக் கறுப்போடு சேர்த்து மடிக்கக் கூடாது. செம்பு, பித்தளை பட்ட கையை நன்றாகக் கழுவாமல் வெளிர் நிறத்தைத் தொடவே கூடாது. சில்லறை எண்ணிய கைகூட ஆகாது.

போட்டால் எப்படி இருக்கும் என்று அவர் கேட்க மாட்டார், கூச்சப்படுவார். நானே சொல்கிறேன். முதல் நிமிடம் சில்லென்று இருக்கும். பிறகு உடம்புச் சூடே அதற்குள் ஏறி, யாரோ பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்து, "சரி, விடு" என்று சொல்வது போல இருக்கும். நாள் முழுக்கக் கேட்ட ஏச்செல்லாம் அந்தத் தோலுக்கு வெளியே நின்றுவிடும். அவ்வளவுதான் அக்கா. இதற்குத்தான் என்னை விரட்டினார்கள்.

இங்கே எனக்குத் தலைவலி விடவில்லை. பசை போடும் அறையில் ஆவியை வெளியே தள்ளும் ஃபேன் எரிந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம், எங்களோடு வேலை செய்யும் பெண், பசைக்காரி என்றுதான் கூப்பிடுவோம், ஒட்டை அழுத்தும் உருளையைக் கையில் பிடித்தபடியே சாய்ந்துவிட்டாள். முதலாளி எட்டிப் பார்த்து, "ஜன்னலைத் திறங்கப்பா, காத்து சும்மாதானே வருது" என்றார். ஜன்னலுக்கு வெளியே ஒரு முழத்தில் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். அதற்குள் காற்று வந்து, எங்களைக் கும்பிட்டுவிட்டுப் போகுமா?

உன் கழுத்துக்கு ஒத்தடம் கொடு.

தம்பி


மே 8

தம்பிக்கு,

நீ எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். "இறுக்கிப் பிடித்து" என்ற இடத்தில் எழுந்து போய்விட்டார். பிறகு வந்து, மிச்சத்தையும் வாசி என்றார். உனக்கு நன்றி சொல்லச் சொன்னாரா என்றால், வாயால் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். நன்றிடா.

அந்த ஃபேன் சரியாகும்வரை மூக்கில் துணி கட்டிக்கொள்.

வேறு விசேஷம் இல்லை. மழை நின்றுவிட்டது. மாமா சனிக்கிழமை நகம் வெட்டினார், பத்து விரலும்.

அக்கா


மே 21

அக்கா,

நலம்தான்.

மூன்று மாதமாக அந்த வெள்ளைச் சட்டையை நான் தொடவில்லை. கறையைப் பார்த்தால் கோபம் வரும் என்று உறைக்குள்ளேயே போட்டிருந்தேன். உன் கடிதம் வந்தது. நகம் வெட்டினார் என்ற வரியை நாலு தடவை படித்தேன். சட்டையை எடுத்து, அலசலாம் என்று உள்பக்கம் புரட்டினேன்.

உள்மடிப்பில், இடுப்பைச் சுற்றி, பத்து விரல். இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. பொத்தான் இல்லாத, தலைவழியாகப் போடும் சட்டை அது. யாருக்கோ காட்டுகிறவன் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவான். உள்மடிப்பைப் பத்து விரலால் பிடிக்கிறவன் ஒருத்தன்தான். போட்டுக்கொள்கிறவன்.

இடது அக்குளில் ஒரு கிழிசல் இருந்திருக்கிறது. இருந்திருக்கிறது என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் ஒட்டியிருக்கிறது. சைக்கிள் டியூபுக்கு ஒட்டும் பஞ்சர் பசை. வெள்ளைத் துண்டு எங்கே கிடைத்தது என்று பார்த்தால், கீழ்மடிப்பின் உபரியிலிருந்து விரலகலம் வெட்டியிருக்கிறார். பெட்ரோலால் துடைத்துவிட்டு ஒட்டியிருக்கிறார். துண்டின் நாலு மூலையையும் வட்டமாக வெட்டியிருக்கிறார் அக்கா! மூலை கூராக இருந்தால் அங்கிருந்துதான் பெயரும். இது எனக்கு எங்கள் கட்டிங் மாஸ்டர் ஆறு மாதம் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தது. அவருக்கு யார் சொன்னார்கள்? கைக்கே தெரிந்திருக்கிறது.

சட்டையை மடியில் போட்டுக்கொண்டு சிரித்தேன். பிறகு அழுதேன். பிறகு கெட்ட வார்த்தையில் திட்டினேன். அறையில் பக்கத்துக் கட்டில்காரன், "வீட்ல ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்று கேட்டான். ஆயிடுச்சு என்றேன்.

என்னைத் தெருவில் நிறுத்திய மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு என் சட்டையைப் போட்டுப் பார்த்திருக்கிறார். நீ எதையும் சொல்ல வேண்டாம். இல்லை என்று மட்டும் எழுதிவிடாதே.

தம்பி


ஜூன் 15

என் கண்ணு தம்பி,

சுகமா? நாங்கள் சுகம். இந்தத் தடவை உண்மையாகவே சுகம்.

நான் எதையும் எழுதவில்லை. நீயாகப் படித்துக்கொண்டாய். அதனால் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மாமாவுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ பஸ் ஏறிப் போன அன்று, சலூன்காரர் கடையைச் சாத்திய பிறகு, ரோட்டிலிருந்து உன் கால்சட்டையைப் பொறுக்கி வந்தது யார் என்று நினைக்கிறாய்? நான் இல்லை. எனக்கு அந்தத் தைரியம்கூட இல்லை. பட்டறையில் பழைய கம்பிப் பெட்டி இருக்கிறதே, அதில் வைத்தார். கெட்டுப்போகாமல் இருக்க எண்ணெய் வேறு தடவி வைத்திருக்கிறார். மோட்டார் தாங்கும் என்றால் எல்லாம் தாங்கும் என்று நினைப்பு. ஒரு வருடத்தில் அது பாகு மாதிரி உருகி, கம்பியோடு கம்பியாக ஒட்டிப் போயிற்று. என்னிடம் கொண்டுவந்து காட்டி, "இது ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டார். செத்த குஞ்சைக் கையில் வைத்திருக்கிற மாதிரி நின்றார். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

உன் பார்சல் வந்தபோது நீ எழுதிய தாளை முதலில் எடுத்தது அவர்தான். எங்கே வைத்திருக்கிறார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உன் கோபம் நியாயம். ஆனால் என் வீட்டையும் கேள். முன்பெல்லாம் ஒரு மோட்டார் சரியில்லை என்று திரும்பி வந்தால் தட்டு பறக்கும். உன் உடுப்பு இங்கே இருந்த இரண்டு மாதமும், அப்படி ஒரு நாள் வந்தால், கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் இருந்தார். வெளியே வரும்போது வேறு முகம். "கழுத்து வலிக்குதா, தேய்ச்சு விடவா?" என்று கேட்டார். பதினோரு வருடத்தில் கேட்காத கேள்வி. அதற்கு நான் உனக்கு நன்றி சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்? அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்றேனே, அதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வாடா. ஒரு வாரமாவது.

அந்த ஃபேன் மோட்டாரில் ஒட்டியிருக்கும் தகட்டில் என்ன எண்கள் எழுதியிருக்கின்றன என்று கேட்டார். கேட்டது யார் என்று சொல்லவில்லை. முடிந்தால் மோட்டாரையே கழற்றி பஸ் பார்சலில் போட்டுவிடு.

அக்கா


ஜூலை 4

அக்காவுக்கு,

நலம். மோட்டார் இன்று பார்சலில் ஏறியது. முதலாளியிடம் கேட்கவில்லை. நானும் கட்டிங் மாஸ்டரும் கழற்றினோம். "முதலாளி கேட்டா?" என்றேன். "பத்து மாசமா அண்ணாந்து பாக்காத ஆளு, இன்னிக்கா பாக்கப்போறாரு" என்றார் மாஸ்டர்.

மோட்டாரோடு ஒரு பையும் இருக்கும். பழைய துணியில் சுற்றியிருக்கிறேன். கறுப்பு முழுக்கைச் சட்டை, மார்பு நாற்பத்திரண்டு, வயிற்றுக்குத் தாராளம். அரை மணிச் சாப்பாட்டு இடைவேளைகளில் வெட்டி ஒட்டினேன். கறுப்பில் செம்புக் கறை தெரியாது. யாருக்கு என்று நானும் சொல்லவில்லை.

உன் மன்னிப்பை எடுத்துக்கொண்டேன். அதை நீ இனிமேல் சுமக்க வேண்டாம். வருவதைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை.

தம்பி


ஆகஸ்ட் 1

மாமாவுக்கு வணக்கம்.

முதல் தடவையாக வீட்டு முகவரிக்குப் போடுகிறேன். உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். ஒட்டுவதுதானே என் பிழைப்பு, யாரும் பிரித்திருக்க முடியாது. உங்கள் உடல்நலம் எப்படி? கண் எரிச்சல் இன்னும் இருக்கிறதா? காயிலுக்குப் பூசும் வார்னிஷ் வாசனைக்கு நீங்களும் மூக்கில் துணி கட்டுங்கள்.

மோட்டார் வந்தது. செவ்வாய்க்கிழமை மாட்டினோம். ஸ்விட்சைப் போட்டதும் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து நின்றோம். ஃபேன் ஒரு தடவை உறுமியது. பிறகு சத்தமே இல்லை, காற்று மட்டும் கிளம்பியது. மேஜைமேல் இருந்த காகிதத் துண்டுகளெல்லாம் அந்தப் பக்கம் ஓடின. பசைக்காரி வாயைத் திறந்து மூச்சு இழுத்துவிட்டு, "யாருடா இதைப் பண்ணது?" என்றாள். என் மாமா என்றேன். இந்த நகரத்தில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. "உங்க மாமா கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்றாள். செம்புக் காப்பு போதும், அவருக்கு அதுதான் பழக்கம் என்றேன்.

மறுநாள் முதலாளி வந்து காற்றைப் பார்த்தார். "பாத்தீங்களா, நான் சொன்னா நடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இனி அவரிடம் சம்பள உயர்வையும் சேர்ந்து கேட்கப்போகிறோம். அதற்கு மூச்சு வேண்டும், அதை நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். நாங்கள் ஆறு பேரும் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மோட்டாரில் ஒரு அட்டை கட்டியிருந்தீர்கள். "வலப்பக்கம் சுற்றும். தண்ணீர் படக் கூடாது. இனி எரியாது." உங்கள் கையெழுத்து. ஆக, உங்களுக்கு எழுத வரும்.

நான் கேட்பது இதுதான். கதவுக்குள் நீங்கள் என்ன உடுத்துகிறீர்கள் என்று எவனிடமும் சொல்ல வேண்டாம். நானும் சாகும்வரை சொல்ல மாட்டேன். அது உங்கள் உடம்பு. அந்த அக்குள் ஒட்டு அருமை, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் என்னை விரட்டியது கதவுக்குள் அல்ல, தெருவில். உங்கள் வாய்தான் விரட்டியது. கை செய்த உதவி அதற்குப் பதில் ஆகாது. என்னை நீங்கள் கூப்பிட வேண்டும். அக்கா அல்ல, நீங்கள்.

உங்கள் பதிலுக்காக இருக்கும்,
மச்சினன்


ஆகஸ்ட் 23

தம்பி,

நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தை மாமா பட்டறையில் நின்றபடியே படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பாதி சுற்றியிருந்த காயிலைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். "எத்தனை சுத்துன்னு விட்டுப்போச்சு" என்று சொல்லி எல்லாவற்றையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார். அன்று முழுக்க அப்படித்தான்.

கறுப்புச் சட்டை சரியாக இருக்கிறதாம். இதையாவது சொன்னாரே என்று எடுத்துக்கொள்.

உன்னை வா என்று நான் சொல்கிறேன். நான் சொன்னால் போதாதா?

அக்கா


அக்டோபர் 6

மாமாவுக்கு வணக்கம்.

உங்கள் ஆரோக்கியத்துக்கு என் வேண்டுதல். இங்கே எல்லோரும் நலம். எனக்குத் தலைவலி போய்விட்டது. பசைக்காரி போன மாதம் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை, உங்களை விசாரித்தாள். ஒவ்வொரு காலையும் அந்த ஸ்விட்சைப் போடும்போது உங்களுக்கு நன்றி சொல்கிறேன். வாய்விட்டுச் சொல்கிறேன், கூட இருப்பவர்களுக்குக் கேட்கும்.

செப்டம்பரில் போட்டதையும் சேர்த்து இது உங்களுக்கு என் மூன்றாவது கடிதம். முந்தைய இரண்டுக்கும் நீங்கள் பதில் போடவில்லை. அக்கா எனக்கு எழுதியதையெல்லாம் பதிலாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அவள் சொன்னால் போதாதா என்று கேட்டாள். போதாது. அவள் என்னை ஒருபோதும் போகச் சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. காலில் விழச் சொல்லவில்லை. வரும் பதினெட்டாம் தேதி எங்களுக்கு விடுமுறை ஆரம்பம். அன்றைய பஸ் மாலை ஐந்தேகாலுக்கு உங்கள் தெருமுனையில் நிற்கும். அதற்கு முன் ஒரு நாள், வெளிச்சம் இருக்கும்போது, பட்டறை வாசலுக்கு வாருங்கள். சலூனில் நாலு பேர் இருக்கும் நேரமாகப் பாருங்கள். அன்றைக்குக் கத்திய அதே குரலில், "என் மச்சினன் வர்றான்" என்று சொல்லுங்கள். யாராவது சிரித்தால் நீங்கள் சேர்ந்து சிரிக்காதீர்கள்.

சொன்னதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் கையால். டிக்கெட் எடுக்கும் இடத்துக்கு நான் தினமும் போய் நின்றுவிட்டு வருகிறேன்.

எழுதுங்கள், மாமா.